டிக்கெட் கவுண்டர் இல்லாத எல்லைப்புறம்

பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் இங்கிலாந்து போகிற நம்மூர் அப்பா அம்மாக்களுக்கென்றே ஒரு சுற்று இருக்கிறது. லண்டன் ஐ, மெழுகுச் சிலைகள், டவர் பாலம், தெம்பு மிச்சமிருந்தால் ஸ்டோன்ஹெஞ்ச். ஒவ்வொரு வாசலிலும் டிக்கெட் விலையை மனசுக்குள் நூற்றுச்சொச்சத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டு, "நான் இங்கயே உக்காந்திருக்கேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று பெஞ்சைத் தேடுகிற அப்பாக்களை அங்கே நிறையப் பார்க்கலாம். இவர்களையெல்லாம் ரயிலேற்றி வடக்கே அனுப்பவேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். நார்தம்பர்லண்டுக்கு.

இங்கிலாந்தின் வடகோடிக் கவுண்டி அது. தலைமாட்டில் ஸ்காட்லாந்து, கிழக்கே வடகடல், இடையில் செவியட் குன்றுகள். ஐயாயிரம் சதுர கிலோமீட்டரில் மூன்றேகால் லட்சம் பேர்தான் வசிக்கிறார்கள். ஆடுகள் அதைவிட அதிகம். இவ்வளவு காலியாக இருப்பதற்குக் காரணம் மண்ணும் குளிரும் மட்டுமல்ல. 1603இல் இரண்டு நாட்டுக்கும் ஒரே அரசர் வரும் வரைக்கும், முந்நூறு ஆண்டுக்கு மேல், இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொண்ட களம் இது. அதற்கு ஆயிரம் வருஷம் முன்னால் ரோமப் பேரரசின் கடைசி வேலியும் இங்கேதான் நின்றது. எல்லை என்றால் அரசர்கள் கஜானாவைத் திறந்துவிடுவார்கள். சுவர், கோட்டை, கொத்தளம் என்று கொட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் வேறெந்தக் கவுண்டியிலும் இத்தனை கோட்டைகள் கிடையாது. அவர்கள் செலவழித்ததில் பெரும்பகுதி இன்று திறந்தவெளியில் கிடக்கிறது. காவலும் இல்லை, கட்டணமும் இல்லை.

முதலில் போக்குவரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காசு கரைவது அங்கேதான். லண்டனிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். அன்றைக்கே போய் டிக்கெட் கேட்டால் மயக்கம் வரும். வாரக்கணக்கில் முன்னதாக வாங்கினால் பாதிகூட ஆகாது. அறுபது தாண்டியவர்களுக்கு சீனியர் ரயில்கார்டு என்று ஒன்று உண்டு. அந்நாட்டுக் குடிமக்களாக இருக்கவேண்டிய அவசியமில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டி யாரும் வாங்கலாம். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இலவச பஸ் பாஸ் மட்டும் உள்ளூர்வாசிகளுக்கானது, அதைக் கேட்டுப் பயனில்லை. அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. 2025 முதல் இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நியூகாசிலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லை வரை கடலோரமாக ஊர் ஊராக நின்று போகும் எக்ஸ் 18 பஸ்ஸுக்கும் இதே கணக்குதான். மாடியில் முன்வரிசை கிடைத்துவிட்டால் அந்தப் பயணமே ஒரு சுற்றுலா.

மேற்கே போவதானால் ஹெக்ஸம்தான் வாசல். நியூகாசிலிலிருந்து கார்லைல் போகும் 685ஆம் எண் பஸ்ஸோ ரயிலோ பிடிக்கலாம். ஊர் நடுவே ஹெக்ஸம் ஆபி. உள்ளே போகக் கட்டணமில்லை, உண்டியலில் விருப்பம்போலப் போடலாம். 674ஆம் ஆண்டுவாக்கில் வில்ஃப்ரிட் என்ற பிஷப் கட்டிய முதல் தேவாலயத்தின் நிலவறை இன்னும் அடியில் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்தில் திறந்துவிடுவார்கள். குறுகின படியிறங்கிப் போய்ச் சுவரைத் தடவினால் ரோமானிய எழுத்தும் பூவேலையும் கைக்குத் தட்டுப்படும். பக்கத்து ரோமக் கட்டடங்களைப் பிரித்துக் கொண்டுவந்த கல். இந்தக் கவுண்டி முழுக்க இதே கதைதான்: ஒருவர் கட்டியதை அடுத்தவர் பிரித்து அதற்கடுத்ததைக் கட்டியிருக்கிறார்.

அதில் அதிகம் பிரிக்கப்பட்டது ஹேட்ரியன் சுவர். கி.பி. 122இல் பேரரசர் ஹேட்ரியன் பிரிட்டனுக்கு வந்தபோது தொடங்கியது. கிழக்கே வால்சென்டிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை 73 மைல், நம் கணக்கில் 117 கிலோமீட்டர். மூன்று லீஜியன் படைகள் கட்டின. மைலுக்கு ஒரு சிறுகோட்டை, இரண்டு சிறுகோட்டைக்கு நடுவே இரண்டு காவல் கோபுரம் என்று குன்று, பள்ளம் எதையும் பார்க்காமல் ஒரே கணக்காகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். ரோமர் கிளம்பிப் போனபின் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் அதுதான் கல்குவாரி. தேவாலயம், பண்ணைவீடு, ஆட்டுப்பட்டி எல்லாவற்றிலும் அந்தச் சதுரக் கல் இருக்கிறது. 1745 ஜேக்கோபைட் கலகத்துக்குப் பிறகு அரசாங்கமே நீண்ட தூரத்துக்குச் சுவரை இடித்து அதன்மேல் படைகள் போக ரோடு போட்டது. பி 6318 என்ற அந்தச் சாலைக்கு இன்றும் மிலிட்டரி ரோடு என்றுதான் பெயர்.

மிச்சமிருப்பது ஒரு மனிதரால். ஜான் கிளேட்டன், நியூகாசில் நகராட்சியின் தலைமை எழுத்தர், வக்கீல், பணக்காரர். 1890இல் தொண்ணூறு தாண்டி இறக்கும்வரை, சுவர் ஓடும் நிலங்கள் விலைக்கு வரும்போதெல்லாம் வாங்கிப் போட்டார். ஐந்து ரோமக் கோட்டைகள் அவர் கைக்கு வந்தன. விழுந்த கல்லை எடுத்து அடுக்கினார், மேலே புல் பதித்தார். புகைப்படங்களில் நாம் பார்க்கிற, புல்தலையோடு குன்றின்மேல் ஏறியிறங்கும் சுவர் பல இடங்களில் கிளேட்டனின் ஆட்கள் அடுக்கியது. ஆராய்ச்சியாளர்கள் இதைச் சொல்லி முகம் சுளிப்பதுண்டு. அவர் வாங்கியிருக்காவிட்டால் சுளிக்கக்கூட ஒன்றும் இருந்திருக்காது.

ஹெக்ஸமிலிருந்து சுவரோரம் ஓடும் பஸ்ஸின் எண் ஏடி 122. சுவர் தொடங்கிய ஆண்டையே எண்ணாக வைத்துவிட்டார்கள். கோடையில் நிறைய ஓடும், குளிர்காலத்தில் சுருங்கிவிடும்; நேரம் பார்த்துக்கொண்டு போகவேண்டும். ஒன்ஸ் ப்ரூட் என்ற இடத்தில் இறங்கினால் தி சில் என்கிற பார்வையாளர் மையம் இருக்கிறது. 2017இல் திறந்தது, கண்காட்சிக்குக் கட்டணமில்லை, கூரைமேல் புல்வெளி, அதன்மேல் நடந்து போய்ச் சுற்றுப்புறத்தைப் பார்க்கலாம். ஒட்டினாற்போல யூத் ஹாஸ்டல். பெயர்தான் யூத், வயதெல்லாம் யாரும் கேட்பதில்லை. சமையலறை உண்டு, அரிசி பருப்பு கொண்டுபோனால் சாம்பார் சாதமே வைத்துக்கொள்ளலாம். அந்தக் காற்றில் நடந்து திரும்பியபின் சாம்பார் சாதம் என்ன ருசி என்பதை நான் விவரிக்கப்போவதில்லை.

அங்கிருந்து ஸ்டீல் ரிக் மேடேறி, கிழக்கே ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை சுவரோரம் நடப்பதுதான் முழு நீளத்திலும் சிறந்த பகுதி. ஐந்து கிலோமீட்டர் இருக்கும். முட்டிவலிக்காரர்கள் முழுதும் நடக்கவேண்டாம், முதல் ஒரு கிலோமீட்டரே போதும். ஒருபக்கம் செங்குத்தான கருங்கல் பாறை, கீழே கிராக் லஃப் ஏரி, வடக்கே கண்ணுக்கெட்டியவரை ஒரு வீடுகூட இல்லாத வெளி. காற்று மட்டும் பேய்த்தனமானது. நல்ல மழைக் கோட்டு வேண்டும். புதிதாக வாங்காதீர்கள், ஹெக்ஸமில் தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் பழைய துணிக்கடைகளில் பத்துப் பவுண்டுக்குள் பிரமாதமானது கிடைக்கும்.

அந்த நடைவழியின் நடுவே ஒரு பள்ளத்தில், ராபின் ஹூட் படத்தில் வந்து உலகப் புகழ்பெற்ற ஒற்றை மரம் நின்றது. 2023 செப்டம்பர் 28 விடிவதற்குள் அதை ரம்பத்தால் அறுத்துப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கு 2025இல் நாலு வருஷம் மூன்று மாதம் சிறை விதித்தார்கள். ஏன் அறுத்தார்கள் என்பதற்கு உருப்படியான காரணம் நீதிமன்றத்தில்கூட வரவில்லை. அடிக்கட்டை துளிர்த்திருக்கிறது. அதைப் பார்க்கவும் கூட்டம் வருகிறது.

கிழக்கே மிலிட்டரி ரோட்டோரமாக கேராபரோவில் ஒரு சதுப்பு வயல். அதில் மித்ராஸ் கோயில். ஒரு வகுப்பறை அளவுதான், இடுப்புயரச் சுவர், கூரை கிடையாது. 1949இல் மழை பொய்த்த கோடையில் நிலம் வற்றியபோது பலிபீடத்தின் தலை வெளியே தெரிந்தது. மித்ராஸ் பாரசீகப் பெயர்கொண்ட சூரியத் தெய்வம். ரோமப் படைவீரர்கள் ஆண்கள் மட்டும் கூடி ரகசியமாக வழிபட்டார்கள். இங்கே பலிபீடம் வைத்தவர்கள் இன்றைய ஹாலந்துப் பகுதியிலிருந்து வந்த பட்டேவியர் படைப்பிரிவின் தளபதிகள். மூன்று பலிபீடங்களின் நகல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில் தெய்வத்தின் தலையைச் சுற்றியிருக்கும் கதிர்களைத் துளைத்துவிட்டிருக்கிறார்கள். பின்பக்கம் மாடம்போலக் குடைந்திருக்கிறது. அங்கே விளக்கேற்றி வைத்தால், இருட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கதிர்கள் மட்டும் எரியும். பலிபீடத்தின் உச்சிக் குழியில் எப்போதும் நாலைந்து சில்லறைக் காசு கிடக்கும். போடச் சொல்லி யாரும் எழுதிவைக்கவில்லை. பக்கத்திலேயே கொவென்டினா என்ற நீர்த்தெய்வத்தின் ஊற்றும் இருந்தது. 1876இல் கிளேட்டன் தோண்டியபோது அதிலிருந்து பதின்மூவாயிரத்துக்கு மேல் காசுகள் வந்தன. இப்போது கோரைப்புல்லும் சேறும்தான்.

அசல் பலிபீடங்கள் நியூகாசிலில் கிரேட் நார்த் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கும் இலவசம். முதலில் அங்கே பார்த்துவிட்டு வயலுக்குப் போவது நல்லது.

இந்தக் கவுண்டியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் காசு கொடுத்துப் போவீர்கள் என்றால் அது விண்டோலண்டாவாக இருக்கட்டும். பின்னால் வரப்போகிற அன்னிக் கோட்டைக்குக் கொடுக்கும் காசையும் பாம்பரோ கோட்டைக்குக் கொடுக்கும் காசையும் மிச்சம்பிடித்து இங்கே கொடுங்கள். சுவருக்கு ஒரு மைல் தெற்கே, சுவருக்கும் முந்தைய ரோமப் பாளையம் இது. ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்திலிருந்து கோடை முடிய, தொண்டர்கள் வந்து தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், கேள்வி கேட்டால் மண்ணோடு எழுந்து வந்து பதில் சொல்வார்கள். அடிமண்ணில் பிராணவாயு புகாததால் எதுவும் மக்கவில்லை. ஆயிரக்கணக்கான தோல் செருப்புகள், குழந்தையின் பாதுகை, குத்துச்சண்டைக் கையுறை, மரத்தாலான கழிப்பறைப் பலகை. செருப்பலமாரி முன்னால் நான் நெடுநேரம் நின்றேன். ஒரு செருப்பில் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. சாய்த்துச் சாய்த்து நடந்த ஓர் ஆள்.

1973இல் ராபின் பர்லி என்ற தொல்லியலாளர் அந்த மண்ணில் மரச் சீவல் மாதிரி ஒன்றை எடுத்தார். இரண்டு சீவல் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் உள்ளே மசியெழுத்து. காற்றுப் பட்டதும் எழுத்து மங்கிக் கறுத்துவிட்டது, அகச்சிவப்புப் புகைப்படம் எடுத்துத்தான் மீட்டார்கள். நம்மவர் ஓலையில் கீறினார்கள் என்றால் இவர்கள் தபால் அட்டை அளவுக்கு, ஓரிரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிய மரத்தகட்டில் மசி தொட்டு எழுதினார்கள். முதலில் படிக்க முடிந்த கடிதமே, யாரோ ஒருவருக்குக் காலுறையும் இரண்டு ஜோடிச் செருப்பும் இரண்டு உள்ளாடையும் அனுப்பியிருக்கிறது என்கிற தகவல்தான். பின்னால் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. தளபதியின் மனைவி லெப்பிடினாவைத் செப்டம்பர் 11ஆம் தேதி தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லி கிளாடியா செவெரா என்ற இன்னொரு தளபதியின் மனைவி எழுதுகிறாள். எழுத்தர் எழுதிய கடிதத்தின் கீழே அவளே தன் கையால் நாலு வரி சேர்த்திருக்கிறாள். லத்தீனில் ஒரு பெண்ணின் கையெழுத்தாக நமக்குக் கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. இன்னொருவன், பசங்களுக்குக் குடிக்க பீர் இல்லை, அனுப்பச் சொல்லுங்கள் என்கிறான்.

கணக்குச் சீட்டுகளும் உண்டு. அதில் ஒரு வரிக்காகவே நம்மவர்கள் போகலாம். காம்பாக்ஸ் என்ற ஒரு படைவீரன் பெயருக்கு நேரே: மிளகு, 2 தினாரியஸ். கி.பி. 100ஐ ஒட்டிய காலம். அன்றைக்கு ரோம உலகம் மிளகை வாங்கியது தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து. யவனர் மரக்கலம் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிப்போனதாக அகநானூறு சொல்லும் முசிறித் துறை அது. மலைக்காட்டில் பறித்த மிளகு பெரியாற்றில் இறங்கி, பருவக்காற்றில் அரபிக்கடல் தாண்டி, செங்கடல், பாலைவனத்து ஒட்டகம், நைல் படகு, அலெக்சாண்ட்ரியா, ரோம் என்று கைமாறி, கடைசியில் பேரரசின் குளிர்ந்த மூலையில் ஒரு சிப்பாய் தன் கஞ்சியில் தூவிக்கொள்ளக் கடன் சொல்லியோ ரொக்கம் கொடுத்தோ வாங்கியிருக்கிறான். அவனுக்கு முசிறியைத் தெரியாது. முசிறிக்காரனுக்கு இந்தக் குளிர் தெரியாது. மரத்தகடுகளில் பெரும்பாலானவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சிலவற்றை இங்கே மங்கிய விளக்கில், கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

வடமேற்கே நார்த் டைன், ரீட் பள்ளத்தாக்குகளும் கீல்டர் காடும் கார் இல்லாமல் சிரமம். பிள்ளைகள் ஓட்டிக்கொண்டு வந்தால் ஒரு நாள் போகலாம். எல்லைக் குடிகள் இரவோடிரவாகக் குதிரையில் போய் எதிரி ஊர் மாட்டை ஓட்டி வருவதையே பிழைப்பாக வைத்திருந்த பூமி அது. ரீவர்கள் என்பார்கள். வெட்சித் திணை படித்தவர்களுக்குப் புரிய வைக்க அதிகம் மெனக்கெட வேண்டாம்; மீட்கப் போகும் கரந்தையும் அங்கே உண்டு, சட்டப்படியே உண்டு. பிளாக் மிடன்ஸ் என்ற இடத்தில் அந்தக் காலத்து அரண்வீடு ஒன்று கட்டணமில்லாமல் திறந்து கிடக்கிறது. ஒரு மீட்டருக்கும் மேல் கனமான சுவர், கீழே மாடு, மேலே மனிதர். கீல்டர் வானம் இருட்டுக்குப் பேர்போனது. 2013 முதல் சர்வதேச இருள்வானப் பூங்கா. பால்வீதி பார்க்க டிக்கெட் கிடையாது, ஆனால் ஜூனில் போனால் ஏமாற்றம்தான். இரவு பத்து மணிவரை வெளிச்சம் போகாது.

இனி கடலோரம். எக்ஸ் 18 ஏறினால் நாம் முதலில் இறங்கவேண்டிய ஊர் அன்னிக். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஆல்ன்விக் என்று கேட்டால் டிரைவர் முழிப்பார். நார்தம்பர்லண்ட் பிரபுக்களான பெர்சி குடும்பம் எழுநூறு வருஷமாக வைத்திருக்கும் கோட்டை அங்கே இருக்கிறது, ஹாரி பாட்டரின் முதல் இரண்டு படங்களில் சில காட்சிகளைப் பிடித்ததும் அங்கேதான். தலைக்கு இருபது பவுண்டை ஒட்டி ஆகும். பேரப்பிள்ளைகள் அடம்பிடித்தால் ஒழிய, ஆற்றங்கரைப் பக்கமாகச் சுற்றிவந்து வெளியிலிருந்து பார்ப்பதே போதும் என்பது என் கட்சி. கோட்டையின் அழகே தூரத்தில்தான் இருக்கிறது. உள்ளே பிரபு வீட்டுச் சாப்பாட்டு மேசை.

மிச்சமான நேரத்துக்கு பார்ட்டர் புக்ஸ். மூடப்பட்ட பழைய ரயில் நிலையத்தில் 1991இல் ஒரு தம்பதி தொடங்கிய பழைய புத்தகக் கடை. பிளாட்பாரம் முழுக்க அலமாரிகள், அலமாரி உச்சியில் பொம்மை ரயில் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர்காலத்தில் நிஜ நெருப்பு மூட்டியிருப்பார்கள். வாசலில் விரட்ட ஆளில்லை, நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். கோப்பையிலும் டி-சர்ட்டிலும் உலகமே பார்த்த, பதற்றப்படாமல் வேலையைப் பார் என்கிற இரண்டாம் உலகப்போர்க்கால போஸ்டர் இருக்கிறதே, அச்சடித்துப் பயன்படாமலே போன அதன் ஒரு பிரதி 2000இல் இந்தக் கடைக்கு வந்த பழைய புத்தகப் பெட்டியின் அடியில்தான் கிடைத்தது. அசலைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்.

அடுத்து கிராஸ்டர். மீன் புகைபோடும் சின்னத் துறைமுகம். ஹெர்ரிங் மீனை முதுகுப்பக்கம் கீறி விரித்து, உப்புநீரில் போட்டு, ஓக் மரத்தூள் புகையில் பல மணி நேரம் தொங்கவிடுகிறார்கள். கிப்பர் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைக்கூடம் இன்னும் ஓடுகிறது, தெருமுனையிலேயே வாசனை இழுக்கும். பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, கடலோரப் புல்வெளியில் ஆடுகளுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் டன்ஸ்டன்பரோ கோட்டை. 1313இல் லங்காஸ்டர் பிரபு தாமஸ், அரசன் இரண்டாம் எட்வர்டுக்குத் தன் கெத்தைக் காட்டுவதற்காகக் கட்டத் தொடங்கியது. 1322இல் அவர் தலை போய்விட்டது. சிதைந்த வாசல் கோபுரங்கள் இரண்டும் கடற்பாறைமேல் தனியாக நிற்கின்றன. உள்ளே போக டிக்கெட் உண்டு. நடையும் வெளித்தோற்றமும் இலவசம், அதுதான் விசேஷமும்.

பாம்பரோவில் கோட்டை மணற்குன்றுக்கு மேலே எழும்பி நிற்கும். கீழே நீண்டு கிடக்கும் வெண்மணல் கடற்கரையில் கோடை ஞாயிறன்றுகூடக் கூட்டம் நெருக்காது. அங்கே கோட்டைக்கு முதுகைக் காட்டிவிட்டு ஊருக்குள் போங்கள். உயிர்காக்கும் படகுச் சங்கம் நடத்தும் கிரேஸ் டார்லிங் மியூசியம் இருக்கிறது, இலவசம். 1838 செப்டம்பர் 7, விடியற்காலை. ஃபோர்ஃபர்ஷர் என்ற நீராவிக் கப்பல் ஃபார்ன் தீவுப் பாறையில் மோதி உடைந்துவிட்டது. கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ், 22 வயது, ஜன்னலிலிருந்து பாறைமேல் ஆட்கள் தொற்றியிருப்பதைப் பார்க்கிறாள். புயலில் லைஃப்போட் வராது என்று தெரிந்து அப்பாவும் மகளும் மட்டும் துடுப்புப் படகில் இறங்கினார்கள். இரண்டு நடையில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். அந்தப் பாறையில் இருந்த ஒரே பெண், இறந்துபோன தன் இரண்டு குழந்தைகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். செய்தி பத்திரிகையில் வந்ததும் கிரேஸுக்கு நிம்மதி போயிற்று. விக்டோரியா மகாராணி 50 பவுண்டு அனுப்பினார், அது பரவாயில்லை. முடியில் ஒரு கற்றை வேண்டும், உடையில் ஒரு துண்டு வேண்டும் என்று ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதினார்கள். ஓவியர்கள் படகேறி வந்தார்கள். நாலே வருஷத்தில் காசநோயில் இறந்தாள், 26 வயது. அவர்கள் போன அந்தப் படகு மியூசியத்துக்குள் இருக்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தால் நாலு பேர் உட்கார்ந்தாலே பயமாக இருக்கும்போலத் தெரிகிறது. எதிரே தேவாலய வளாகத்தில், கடலில் போகும் கப்பல்களுக்குத் தெரியும்படி அவளுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.

லிண்டிஸ்ஃபார்னுக்கு மட்டும் நம் இஷ்டத்துக்குப் போகமுடியாது. தீவுக்குப் போகும் சாலையைக் கடல் தினம் இரண்டு முறை மூடிவிடும். எந்த நேரம் திறப்பு, எந்த நேரம் மூடல் என்று கவுண்டி நிர்வாகம் அட்டவணை வெளியிடுகிறது. எல்லையோர ஊரான பெரிக்கிலிருந்து போகும் பஸ்ஸின் நேரமும் அதற்கேற்ப நாளுக்கு நாள் மாறும். 1954இல் அந்தச் சாலை வந்ததிலிருந்து வருஷாவருஷம் அட்டவணையை மதிக்காத கார்க்காரர்கள் நடுவழியில் மாட்டி, கூரைமேல் ஏறி நிற்கிறார்கள். அவர்களுக்காகவே சாலையோரம் உயரமான கால்களின்மேல் ஒரு மரக்கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் என் பக்கத்திலிருந்த உள்ளூர் அம்மாள் அதைக் காட்டி, "காரை விட்டுட்டு அங்க ஏறி உக்காந்தா உயிர் மிஞ்சும், கார் மிஞ்சாது" என்றார். சிரிக்கவில்லை.

635இல் அயோனா தீவிலிருந்து ஓஸ்வால்ட் மன்னர் அழைத்து வந்த ஐடன் என்ற துறவி இங்கே மடம் தொடங்கினார். பின்னால் வந்த கத்பர்ட்டுக்குத் தனிமை போதவில்லை. தீவிலிருந்து இன்னும் உள்ளே ஒரு பாறைத்திட்டுக்குப் போய் உட்கார்ந்தார். அலை வடிந்த நேரத்தில் அந்தத் திட்டுக்கு நாமும் பாசிக்கல் மேல் கால்வைத்துப் போகலாம், சட்டென்று திரும்பியும் வந்துவிட வேண்டும். அப்பால் மணல்மேட்டில் சீல்கள் கூட்டமாகக் கிடந்து ஊளையிடுகிற சத்தம் கேட்கும். எட்ஃப்ரித் என்ற பிஷப் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியாளாக எழுதி வரைந்த லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்த வட்டாரத்தில் இதுபற்றி இன்னும் ஆதங்கம் உண்டு. 793இல் வைக்கிங்குகள் படகில் வந்து மடத்தைச் சூறையாடியது ஐரோப்பாவையே உலுக்கிய சம்பவம்.

மடத்தின் இடிபாட்டுக்குக் கட்டணம் உண்டு. பக்கத்திலேயே செயின்ட் மேரி தேவாலயம் கட்டணமில்லாமல் திறந்திருக்கிறது, அதன் முற்றத்திலிருந்து பார்த்தாலே இடிபாட்டின் சிவப்புக்கல் வளைவுகள் தெரியும். மேட்டின்மேல் இருக்கும் சின்னக் கோட்டையை 1901க்குப் பிறகு ஒரு பத்திரிகை முதலாளிக்காக வீடாக மாற்றியமைத்தவர் எட்வின் லுட்யன்ஸ். ஆமாம், பிற்பாடு புதுதில்லியைக் கட்டிய அதே லுட்யன்ஸ். ராஷ்டிரபதி பவனின் அகலத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், ஆள் குனிந்து போகும் நடைகளைப் பார்த்து ஆச்சரியமாக இருக்கும்.

சாப்பாட்டுக்கு இரண்டு வார்த்தை. பப்பில் உட்கார்ந்தால் ஒருவேளைக்கே ஒரு நாள் பட்ஜெட் போய்விடும். சூப்பர்மார்க்கெட்டில் மாலையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைப்பார்கள். ரொட்டி, பழம், தயிர் எல்லாம் பாதிக்கும் கீழே கிடைக்கும். மீன் சாப்பிடுபவர்கள் சீஹவுஸஸ் துறைமுகத்தில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் ஒன்று வாங்கி இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம், கடற்பறவைகளிடமிருந்து காப்பாற்ற முடிந்தால். செப்டம்பரில் போகிறவர்கள் ஹெரிட்டேஜ் ஓபன் டேஸ் நாட்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கட்டணம் வாங்கும் இடங்களும் பூட்டிக் கிடக்கும் இடங்களும் அப்போது சும்மாவே திறக்கும்.

கடைசி ஊர் பெரிக். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே பதின்மூன்று முறை கைமாறியது என்பார்கள், கடைசியாக 1482இல். ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கும் இடம் பழைய கோட்டையின் பெருமண்டபம். ஸ்காட்லாந்துக்கு யார் ராஜா என்ற வழக்கில் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட் 1292இல் தீர்ப்புச் சொன்னது அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதை இடித்துத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். ஊரைச் சுற்றி 1558இல் தொடங்கிய பீரங்கிக்கால மதில். இத்தாலியப் பாணியில் அம்புமுனை போன்ற கொத்தளங்கள், உள்ளே மண்ணை அடைத்து அகலமாக எழுப்பியது. முதலாம் எலிசபெத்தின் கஜானாவில் 1,28,000 பவுண்டுக்கு மேல் விழுங்கியது. அவர் ஆட்சியில் அவ்வளவு செலவு பிடித்த வேலை வேறில்லை என்கிறார்கள். அதன்மேல் ஒரு தடவைகூட யாரும் படையெடுக்கவில்லை. இன்று உள்ளூர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு அதன்மேல் நடக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம். ஒருபக்கம் கடல், ஒருபக்கம் டுவீட் ஆறும் ஸ்டீவன்சன் கட்டிய 28 வளைவு ரயில் பாலமும்.

இந்த ஊரின் கால்பந்து அணி இங்கிலாந்தில் இருந்துகொண்டே ஸ்காட்லாந்துப் போட்டிகளில்தான் ஆடுகிறது. 1967இல் ஸ்காட்டிஷ் கோப்பையில் கிளாஸ்கோவின் பெரிய ரேஞ்சர்ஸ் அணியை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியதை இன்னும் பப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது அணி கீழ்மட்ட லீக்கில் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் ஊரில் இருந்தால் மைதானத்தை விசாரித்துப் போங்கள். இதற்கு டிக்கெட் உண்டு, வாங்கலாம்.